மீன்பிடி நாளில் என் பிரசங்கம்

பொதுக்கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டவர்கள் போல ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். "இளமையிலேயே மக்கள் தொண்டில் குதித்தவர்" என்கிறார்கள். நான் மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வேன். என்ன அடக்கம் பாருங்கள் என்று சபை நினைக்கும். நான் குனிவது சிரிப்பை மறைக்க. அன்றைக்குக் குதித்தவர்கள் மற்றவர்கள். நான் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர், நாச்சியாபுரத்திலிருந்து வண்டித் தடம் பிடித்துப் போனால் வரும் வானம் பார்த்த சிற்றூர். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கேழ்வரகு, அதுவும் இல்லாவிட்டால் பிள்ளையாருக்கு வசவு. அங்கே பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தது நானல்ல, எங்கள் வண்டிமாடு. அரிசி மூட்டையும் டிரங்குப் பெட்டியுமாக என்னை மதுரைக்குக் கொண்டுவந்து விட்ட அன்று, அய்யா வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாடு நிதானமாகச் சாணி போட்டது. காவல்காரன் திட்டினான். அய்யா, அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம், சாணியைக் கையாலேயே அள்ளித் துண்டில் கட்டிக்கொண்டார். நான் யாரோ போல ஒதுங்கி நின்றேன். என் கல்லூரிப் படிப்பு அப்படித்தான் தொடங்கியது.

பி.ஏ. தேறினேன். எப்படித் தேறினேன் என்பது எனக்கும் பரீட்சைத்தாள் திருத்தியவருக்கும் மட்டுமே தெரியும். ஊர் திரும்பும்போது என்னிடம் நான்கு புதிய உடைமைகள் இருந்தன. ஒரு கதர் ஜிப்பா, அதற்குப் பொருத்தமாக ஒரு கதர் மேல்துண்டு, பார்வை நன்றாக இருந்தும் அறிவாளியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வாங்கிய மூக்குக்கண்ணாடி, புலால் மறுப்பு என்ற விரதம். கடைசியில் சொன்னதுதான் ஆத்தாவை மிகவும் பாதித்தது. மகன் வருகிறான் என்று அடித்து வைத்த கோழிக் குழம்பை நான் தள்ளி வைத்ததும், படிப்பு பிள்ளையின் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். பெருமைக்கும் குறைவில்லை. என் மகன் கடைசி வரைக்கும் படித்துவிட்டான், இனிமேல் படிப்பதற்கு உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றும் அவளே சொல்லிவைத்தாள்.

ஊர் அதைச் சோதித்துப் பார்த்தது. சீக்குப் பிடித்த காளையை வாசலில் கொண்டுவந்து கட்டினார்கள். மருந்து புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார்கள். பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டுக்கு ரங்கூனிலிருந்து தந்தி வந்தபோது, என் மாமா ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளை எனக்கு முன்பே அதைப் படித்து முடித்திருந்தார். என்னையும் ஒருமுறை படிக்க விட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று சான்று கொடுத்து, மோர் தந்து அனுப்பினார். காளை செத்துப்போயிற்று. அதற்கும் நான் பொறுப்பல்ல என்று இன்றுவரை வாதாடத் தயாராக இருக்கிறேன்.

வேலை மட்டும் கிடைக்கவில்லை. காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. அந்த ரயிலில் ஏறிப் போய் எங்கெங்கோ வேலை கேட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பி வந்தேன். வேலை கிடைக்காத பட்டதாரிக்கு நாட்டைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நானும் ஆரம்பித்தேன்.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் ஒன்று மட்டும் உண்மையாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் பிள்ளைகள் ஓடையைக் கடந்து, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்ததும் படிப்பு நின்றுவிடும். தண்ணீர் வடிந்த பிறகு பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போயிருப்பார்கள். நான் படித்தது புத்தியினால் அல்ல. காரைக்குடியில் எனக்கு ஓர் அத்தை இருந்தாள், அவள் வீட்டில் தங்கிப் படித்தேன். அத்தை இல்லாத பிள்ளைகளெல்லாம் எழுத்து தெரியாமல் நின்றார்கள். என்னோடு கோலி விளையாடியவர்கள் கைநாட்டு வைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது நன்றாயில்லை.

ஜில்லா போர்டு அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஊர் கட்டடம் கொடுத்தால் போர்டு வாத்தியாரைக் கொடுக்கும் என்றார். ஆனி மாதத்துக்குள் கட்டடம் எழும்ப வேண்டும், இல்லையென்றால் அந்த வாத்தியார் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், அங்கே இதற்குள் பனைமரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். ஒரு வாத்தியார்தான், இரண்டு ஊர். எங்களுக்கு அது போனால் மறுபடி எந்தக் காலத்தில் வருமோ தெரியாது.

ஊரைக் கூட்டிப் பேசினேன். ஊர் வரவில்லை. முதல் கூட்டத்துக்கு என் அய்யாவும், அவரை விட்டுப் பிரியாத ஒரு வெள்ளாடும் வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆடு மட்டும் வந்தது. மக்கள் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். என் பேச்சைக் குறை சொல்லும் யோசனை எனக்கு வரவில்லை, இடம் சரியில்லை என்று முடிவு செய்தேன். எங்கே கூப்பிடாமலே கூட்டம் கூடும் என்று பார்த்தபோது, கண்மாய் தென்பட்டது.

எங்கள் பக்கத்தில் சித்திரை வாக்கில் கண்மாய்த் தண்ணீர் தொடையளவுக்கு வற்றியதும் மீன்பிடி நாள் வைப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடியும் முன்பே ஊத்தாவும் வலையுமாக ஜனங்கள் வந்து கரை முழுவதும் நிற்பார்கள். ஊத்தா என்பது மூங்கில் சிம்பில் பின்னிய அடியில்லாத கூடை. சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனை எடுப்பார்கள். ஆனால் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஒரு கால் தண்ணீரில் படாது. அம்பலகாரர், அதாவது ஊர்த் தலைவர், கரையில் இருக்கும் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு வந்து, மடையின் மேல் ஏறி நின்று வெள்ளைத் துணியை வீசுவார். அது வீசியாகிவிட்டால் அப்புறம் பிரம்மாவே தடுத்தாலும் நிற்காது. மேலத்தெரு, சேரி, வெளியூர் என்ற பேதமெல்லாம் அந்த ஒரு நாள் தண்ணீருக்குள் கிடையாது. மற்ற நாட்களில் ஒதுங்கி நடக்க வேண்டிய சேரிக்காரர்கள்கூட அன்று எல்லோரோடும் ஒரே சேற்றில் நின்று பிடிப்பார்கள். பிடித்தவருக்குப் பிடித்த மீன்.

இந்த மீனைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பது என் திட்டம். காரைக்குடிச் சந்தையில் ஒரு மீன் வியாபாரியைப் பிடித்துப் பேசிவைத்தேன். அம்பலகாரரிடம் போய்ப் பொருளாதாரம் விளக்கினேன். அவர் நல்ல உயரம், பேச்சு குறைவு. ஊருக்கும் கோயிலுக்கும் நடுவில் நடந்து நடந்தே வயதானவர். நான் பேசி முடிக்கும்வரை வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, "மீனு என்னுதில்ல. ஊரைக் கேட்டுக்க" என்றார். மறுப்பு என்றால் என்னவென்று தெரியாத நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரைக் கேட்பதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள் மீன்பிடி நாள். பசித்தவன் முன்னால் இலையைப் போட்டு, சோற்றையும் வைத்துவிட்டு, உபவாசத்தின் மேன்மையைப் பேச நினைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று காலை கரை கொள்ளாத கூட்டம். குன்றக்குடிப் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வியாபாரி தன் ஆட்களோடும் பெரிய வலைகளோடும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். அம்பலகாரர் அய்யனார் கோயிலுக்குள் போயிருந்தார். எனக்கு மேடை வேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரியும்படி உயரமாக அங்கே இருந்த இடம் மடை ஒன்றுதான். ஏறினேன்.

பேசத் தொடங்கியதும் கரை முழுவதும் சட்டென்று அடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அத்தனை கண்களும் என்மேல். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சபை அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. மடைமேல் ஆள் ஏறிவிட்டான், துணி எப்போது எழும்புமோ என்று அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் தமிழில் சொக்கி நிற்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் பேச்சு நீண்டது. கிரேக்க தேசத்தைத் தொட்டேன். இங்கிலாந்தில் குடியானவன் பிள்ளைகூடப் பத்திரிகை படிக்கிறான் என்றேன். முன்வரிசையில் ஒரு கிழவர் ஊத்தாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் உச்சத்துக்கு வந்தேன். அறியாமை என்னும் இருளை இந்த ஊரை விட்டே விரட்டுவோம் என்று சொன்னபோது, வாய் மட்டும் போதாதென்று கையும் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. தோளில் கிடந்த வெள்ளைக் கதர்த் துண்டை உருவி, ஈ ஓட்டுவது போலத் தலைக்கு மேலே சுழற்றி அந்த இருளை விரட்டினேன்.

கண்மாய் வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீரில் இருந்தார்கள். ஆணும் பெண்ணும் கிழடும் குஞ்சும். நில்லுங்கள், நில்லுங்கள், நான் அதற்காக வீசவில்லை என்று கத்தினேன். நிறுத்தச் சொல்லும் வேகத்தில் துண்டை மறுபடியும் வீசினேன். தாமதமாக வந்துகொண்டிருந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து குதித்தார்கள். வியாபாரி எழுந்து, பீடியைக் காலால் நசுக்கிவிட்டு, வலைகளைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னவென்று சமாதானம் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளை வீசியவருக்கு, பிடித்தவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு மீனைக் காணிக்கையாக மடைமேல் போட்டுவிட்டுப் போவார்கள். போட்டார்கள். விராலும் கெளுத்தியும் குரவையும் என் காலடியில் துள்ளின. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், குத்தகைக்காரனுக்குக் காட்டாமல் எங்களுக்குத் திறந்துவிட்ட மகராசன் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். புலால் மறுத்தவன் முழங்கால் அளவு மீனுக்கு நடுவில் நகர முடியாமல் நின்றேன். அப்போதுதான் அம்பலகாரர் கோயிலிலிருந்து வெளியே வந்தார். முனையில் மஞ்சள் தடவிய வெள்ளைத் துணி அவர் கையில் மடித்தபடி இருந்தது.

கண்மாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலடியில் இருந்த மீனைப் பார்த்தார். துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மீன் பிடிப்பது சின்ன விஷயம். வெள்ளை வீசுவது அம்பலகாரர் வீட்டுப் பரம்பரை உரிமை. அதைப் பறித்தவன் ஊரை அவமதித்தவன். அவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று அன்று மாலைக்குள் பேச்சு எழுந்துவிட்டது. முன்பு என் கூட்டத்துக்கு ஆடு மட்டும் வந்த ஊர், இந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்கூட்டியே இடம் பிடிக்கத் தயாராக இருந்தது.

காரைக்குடியில் என்னோடு படித்த ஒருவன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தான். அவனிடம் ஓடினேன். கேட்டதும் அவனுக்கு ஒரே உற்சாகம். துண்டு வீசுவது ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஊர்க்கூட்டத்துக்குப் போகாதே, வழக்குப் போடு, உன் பெயர் பத்திரிகையில் வரும், தலைவனாகிவிடுவாய் என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊர் திரும்பும் வழியெல்லாம் நீதிமன்றத்தில் பேச வேண்டிய பேச்சைத் தயாரித்துக்கொண்டே வந்தேன். பனைமரங்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

வீட்டில் ஆத்தா அந்தக் காணிக்கை மீன்களைக் கருவாட்டுக்காக உப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். என் வழக்கு முழுவதையும் அவளிடம் சொன்னேன். கையில் இருந்த கெளுத்தியின் முள்ளைத் தட்டிவிட்டு, "வழக்குப் போட்டா அந்த வாத்தியாரு நம்ம ஊருக்கு வந்துருவாராப்பா?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நான் கடைசி வரைக்கும் படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். வரமாட்டார் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். வழக்குப் போட்டால் ஊர் இரண்டாகும். இரண்டான ஊரில் ஒரு செங்கல்கூட எழும்பாது. வாத்தியார் பனைமரம் வெட்டிய ஊருக்குப் போவார். ஓடையில் தண்ணீர் வரும், பிள்ளைகள் ஆடு மேய்ப்பார்கள். என் பெயர் பத்திரிகையில் வரும், அதை எங்கள் ஊரில் படிக்கத்தான் ஆள் இருக்காது.

ஊர்க்கூட்டத்தில் விழுந்தேன். சும்மா குனிந்தால் போதாது, நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்தும் தரையில் விழுந்து பழக்கமில்லாததால், மூக்குக்கண்ணாடியோடு விழுந்தேன். கண்ணாடி உடைந்தது. எழுந்து பார்த்தபோது எல்லாம் முன்பு போலவே தெளிவாகத் தெரிந்தது. கூட்டம் சிரித்தது, அதில் என் அய்யாவின் சிரிப்பும் இருந்தது.

அம்பலகாரர் சிரிப்பு அடங்கும்வரை விட்டார். பிறகு சொன்னார்: "கண்மாயில குத்தம் பண்ணுனவன் கண்மாயில மண்ணெடுக்கணும். அதான் நம்ம வழக்கம். எடுக்குற மண்ணக் கரையில கொட்ட வேணாம், அங்குட்டுப் பொட்டல்ல கொட்டட்டும். அங்ஙனதானே பள்ளிக்கூடம் கட்டணும்னு திரியிறான். அவனே கட்டட்டும்." மறுபடியும் கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கேலிக்குச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று அவர் சாகும்வரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வெற்றிலைக்குக் காம்புதான் கிள்ளியிருப்பார்.

வைகாசி வெயிலில் பி.ஏ. மண் சுமந்தது. வற்றிய கண்மாயில் நானே வெட்டி, நானே கூடையில் அள்ளி, நானே தலையில் தூக்கிப் பொட்டலுக்குக் கொண்டுபோனேன். ஈர மண் ஒழுகி நெற்றி வழியாக வாயில் இறங்கும். சும்மாடு கோலத் தெரியாமல் கூடை எப்போதும் ஒரு காதின் மேலேயே உட்காரும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எனக்கு யோசனை சொன்னார்கள். தமிழ்நாட்டில் மண் சுமப்பவனுக்குக் கிடைக்கும் யோசனையில் பாதி ஆட்பலம் கிடைத்தால் எத்தனையோ கோபுரங்கள் கட்டியிருக்கலாம். நான் கொட்டிய குவியல் ஒரு கறையான் புற்று அளவுக்கு வந்தபோது, ஆனி முடிவதற்குள் இது ஒரு கோழிக்கூண்டு அளவுக்காவது எழும்புமா என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அழுகை வந்தது. மண் வழிந்த முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் கிளப்பவில்லை, அத்தனை புத்தி எனக்கில்லை. ஒரு வீட்டில் கன்று செத்துப் பிறந்தது, இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை கண்டது. முறையில்லாமல் வெள்ளை வீசிப் பிடித்த மீன் குத்தத்து மீன், வீசியவன் மட்டும் மண்ணெடுத்தால் போதாது, தின்றவர்களும் ஆளுக்கொரு கூடையாவது எடுத்தால்தான் குற்றம் கழியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை நான் கண்மாய்க்குப் போனபோது எனக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். குருட்டு நம்பிக்கையை ஒழிப்பது எப்படி என்று கல்லூரியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் நான். அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கூடையோடு குற்றம் கழியுமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டபோது, இரண்டு எடுத்தால் நல்லது என்றேன்.

மேலத்தெருக்காரர்கள் எடுத்தார்கள். சேரிக்காரர்கள் எடுத்தார்கள். அவர்களும் மீன் தின்றவர்கள்தானே. குன்றக்குடிப் பக்கத்துக்காரர்கள் வண்டியிலேயே மண் அடித்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். கண்மாய் மண்ணையும் பொட்டல் செம்மண்ணையும் கலந்து, தண்ணீர் விட்டு, எல்லோரும் காலால் மிதித்துக் குழைத்தோம். சுவர் எழுந்தது. பனைமரம் வந்தது, கூரை ஏறியது. கதவுக்கு வழியில்லாமல் பள்ளத்தூரில் தந்தி படித்த வீட்டுக்குப் போனேன். வீட்டின் ஒரு கட்டைப் பிரித்துக் கட்டியபோது மிஞ்சியதென்று அந்த வீட்டு ஆச்சி ஒரு பர்மாத் தேக்குக் கதவைக் கொடுத்தார்கள். நிலையில் மயிலும் கொடியும் கஜலட்சுமியும். மண் சுவரில் அதை வைத்துப் பார்த்தபோது, கோவணம் கட்டியவன் ஜரிகைத் தலைப்பாகை வைத்தது போல் இருந்தது. எனக்கு அதைவிட அழகான கட்டடம் உலகத்தில் இல்லை.

ஆனியில் வாத்தியார் வந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர், இளவயது, எங்கள் பேச்சு பாதி புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். திறப்பு நாளில் மாவிலைத் தோரணம் கட்டினோம். மேலத்தெருப் பிள்ளைகள் எண்ணெய் வழிய உள்ளே போய்ப் புது மணலில் உட்கார்ந்தார்கள். பிறகு சேரிப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அவர்களுடைய ஆத்தாமாரும் வந்து வெயிலில் நின்றார்கள்.

முணுமுணுப்பு என் வீட்டாரிடமிருந்தே தொடங்கியது. என் பெரியப்பா, மண் வேலையில் எல்லோரையும் விட அதிகம் பாடுபட்டவர், அவர்தான் முதலில் சொன்னார். கண்மாய் வேறு, கட்டடம் வேறு என்றார். அவர்கள் உள்ளே உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார் இன்னொருவர். பிள்ளைகள் போய்விட்டால் போர்டு பள்ளியை மூடிவிடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு நான் தலைவனாகிவிட்டேன் போலிருக்கிறது.

தலைவன் செய்ய வேண்டியதைச் செய்தேன். கதவுக்கு முன்னால் வந்து நின்று இருபக்கத்துக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னேன். பள்ளி எல்லோருக்கும் உரியது, அதில் மாற்றமே இல்லை, ஆனால் இப்போதைக்கு, இந்த வருஷத்துக்கு மட்டும், வெளியே ஒரு தாழ்வாரம் இறக்கிவிடலாம், அங்கே உட்கார்ந்தாலும் வாத்தியாரின் குரல் கேட்கும் என்றேன். கிரேக்க தேசத்தையும் தொட்டேன் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் திருப்தியாகும்படி பேசிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சேரிப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். மண் சுமந்த நாட்களில் அவளைப் பார்த்திருக்கிறேன். என் கூடை காதில் சரியும்போதெல்லாம் சிரித்தவள். இப்போது சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பக்கத்தில் நின்ற மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உள்ள வரக்கூடாதுன்னு சொல்றீக. சரிங்கய்யா, வரல. நாங்க செமந்த மண்ணு எந்தச் செவத்துல இருக்குன்னு மட்டும் காட்டுங்க. அத மட்டும் பேத்து எடுத்துக்கிட்டுப் போயிர்றோம்."

என் பெரியப்பா திரும்பிச் சுவரைப் பார்த்தார். எது யாருடைய மண் என்று நிஜமாகவே தேடிப் பார்த்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பார்வை போயிற்று, கூரைக்குப் போயிற்று, பிறகு தன் கால்களுக்கு வந்து நின்றது. அந்தக் கால்கள்தான் அவர்களோடு சேர்ந்து அதை மிதித்துக் குழைத்தவை. அம்பலகாரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார், அவர் பார்வையும் சுவரில்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது. ஊர் திரும்பியது முதல் நான் பேசிய பேச்சையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி என் தலையிலேயே வைத்தது போல் இருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. மகளின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். சிறுமி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏன் நின்றுவிட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. யார் தடுக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

ஒதுங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போனாள்.